அங்கே பத்து மணி

அம்மா விடிய முதலே தலை முழுகிவிட்டு, ஈர மயிரைத் துவாயால் சுற்றிக்கொண்டு கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு வெள்ளன ஏனம்மா எழும்பினீங்கள்?"

"படுத்திருந்து என்ன செய்யிறது? நித்திரை வரேல்லை." அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "இப்ப எத்தினை மணி?"

அருந்ததி சொன்னாள்.

"அப்ப இன்னும் கிடக்கு," என்றாள் அம்மா.

இந்த ஒரு மாதத்தில் அம்மா அவளிடம் கேட்ட கேள்விகளில் பாதி தம்பி வரதராசாவைப் பற்றியது. மீதி நேரத்தைப் பற்றியது.

அம்மா ஜெகதீஸ்வரி வன்னியைவிட்டு வெளியேற ஒரு மாதப் பாஸ் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தவள். கண் வைத்தியம் என்று காரணம் சொல்லித்தான் பாஸ் கிடைத்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவள் வந்தது காதுக்காக. மகன் ஜேர்மனிக்குப் போய் ஆறு வருடம். அன்று தொடக்கம் அவன் குரலை அவள் கேட்கவில்லை. அவள் இருக்கும் பக்கத்தில் தொலைபேசியே இல்லை.

வந்த நாளிலிருந்து மூன்று ஞாயிறுகள் வீணாகப் போயின. ஒரு ஞாயிறு அவனுக்கு வேலை. அடுத்த ஞாயிறு லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, அழைப்பு வரவேண்டிய அயல்வீட்டு ஐறீன் அன்ரியின் தொலைபேசி மழையில் செத்துக் கிடந்தது. இன்று கடைசி ஞாயிறு. நாளை இரவு வவுனியாக் கோச்சியில் ஏறித் திரும்பவேண்டும். அப்பா தில்லைநாதன் வன்னியில், மல்லாவியில், அம்மாவுக்குப் பிணை நிற்கிறார். குறித்த நாளில் அம்மா திரும்பாவிட்டால் இயக்கம் கேள்வி கேட்பது அவரைத்தான்.

நாகேந்திரம் மாமா பெனியனும் சாரமுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றார். வானிலை அவதான நிலையத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்த அனெக்ஸ் அவர் பெயரில் எடுத்த வாடகை வீடு. அருந்ததி அவருடன் இருந்துகொண்டு ரியூசன் சென்ரரில் இரசாயனம் படிப்பிக்கிறாள்.

"அக்கா, கவனமாக் கேளுங்கோ," என்றார் மாமா. "வரதன் போன் அடிக்கிறது அவன்ர பத்து மணிக்கு. போன கிழமை வரைக்கும் அது எங்கட ரெண்டரை. முந்தாநாள் இரவு அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைச்சிட்டுது. ஆனபடியால் இண்டைக்கு ரெண்டு மணி. சரியோ?"

"நீ சொன்னாச் சரிதான், நாகு."

"சனம் இதிலதான் பிழைவிடும். ரெண்டரை எண்டு குந்திக்கொண்டிருக்கும். போன் அடிச்சு ஓய்ஞ்சிடும்."

"மாமா, நீங்கள் இதை நேற்றிலயிருந்து ஏழாந்தரம் சொல்லுறீங்கள்," என்றாள் அருந்ததி.

"விஞ்ஞானப் பட்டதாரி வீட்டில இருக்கிறா. எண்டாலும் கணக்குப் பாக்கிறது கிழவன்."

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த வருடம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒருதரம் முன்னுக்கு ஓட்டியது. இப்போது பாதியைத் திருப்பித் தந்திருக்கிறது. வன்னியில் மட்டும் பழைய நேரமே நடந்தது. அம்மா சில வேளைகளில் சும்மா இருந்துகொண்டு, "இப்ப அங்க என்ன நேரம்?" என்று கேட்பாள். எந்த அங்கே என்று அருந்ததி திருப்பிக் கேட்கவேண்டும். ஜேர்மனியா, மல்லாவியா?

"கத்தரிக்காய் இவ்வளவும் ஆருக்கம்மா?"

"ஒழுங்கைக்காரருக்கு. வெறுங்கையோட போகேலுமே?" அம்மா கண்ணை நிமிர்த்தாமல் சொன்னாள். "எண்டாலும் பிள்ளை, எனக்கு இது பிடிக்கேல்லை. என்ர பிள்ளையோட கதைக்கப் போறன். அந்த நேரம் பாத்து ஊர்ச்சனம் முழுக்கச் சுத்தி நிண்டு சாப்பிடுறதே?"

அருந்ததிக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சாப்பாடு அவளால்தான் வந்தது.

அம்மா வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காலை, அவர்கள் இருக்கும் மார்க்கஸ் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு நடந்தது. அதிகாரி அருந்ததியின் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஐறீன் அன்ரியின் கேற்றடியில் நின்று, "இது யார்?" என்று கேட்டார். ஐறீன் அன்ரிக்கு அவளை ரியூசன் மிஸ் என்று தெரியும். அனெக்ஸுக்கு எதிர்வீட்டு ஷபீகாவுக்கு நீலக் குடைக்காரப் பிள்ளை என்று தெரியும். பெயர் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருடம் அதே ஒழுங்கையில் இருந்தவள் அன்று பின்னேரம் வரையில் பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இருந்தாள்.

குற்றம் அவளிலும் இருந்தது. மூன்று வருடமும் அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தாள்.

ஐறீன் அன்ரிக்கு அது பெரிய வெட்கமாகப் போயிற்று. அந்த ஒழுங்கையின் முதல் வீட்டை அவருடைய பாட்டனார்தான் கட்டினார். காலி வீதியிலிருந்து கடல்வரைக்கும் ஒரு காலத்தில் ஆறு வீடுகள், ஆறு தோட்டங்கள். இப்போது ஒவ்வொரு வீட்டையும் நாலாக, ஐந்தாகத் துண்டுபோட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவர், முஸ்லிம்கள், சிங்களவர், எந்த நாளும் விசாவுக்குக் காத்திருக்கும் சனம் என்று எல்லோரும் இருக்கிறார்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று தெரியாது.

"முந்தி எனக்கு இந்த ஒழுங்கையில் நாய்ப் பேர் கூடத் தெரியும், மென்," என்று, யாரையும் 'மென்' என்றே கூப்பிடும் அவர் அன்றைக்குச் சொன்னார். "இப்ப எனக்கு கேற் மட்டும்தான் தெரியும்."

மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் அவர் வீட்டு முற்றத்தில் சேர்ந்து சாப்பிடவேண்டும், வீட்டுக்கு ஒரு கறி கொண்டுவரவேண்டும், வந்தவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தங்கள் பெயரைச் சொல்லவேண்டும் என்று அவரே சட்டம் போட்டார். அந்த முதல் ஞாயிறு இன்று.

*

ஈரப்பலா மரத்தின் கீழ் மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அலவி நானா வீட்டிலிருந்து கோழிக்கறி வந்திருந்தது. அவர் மனைவி ஷபீகா வட்டிலாப்பம் கொண்டுவந்தாள். கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீட்டு விமலா, பிஞ்சுப் பலாக்காய்க் கறியை மண்சட்டியோடு தூக்கிவந்தாள். ஐறீன் அன்ரி மஞ்சள் சோறு.

அம்மா மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். கத்தரிக்காய்ச் சட்டியைக் கோழிச் சட்டியிலிருந்து தள்ளி, மேசையின் கடைசி மூலையில் வைத்தாள். ஷபீகா அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடுவில் ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லையா?" என்றார் அலவி நானா.

"சும்மா இரிங்க. அழகுக்கு," என்றாள் ஷபீகா.

மாமா வட்டிலாப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாகு, அதுக்குள்ள முட்டை," என்றாள் அம்மா மெதுவாக.

"தெரியும் அக்கா. சும்மா பாக்கிறன்."

பெயர் சொல்லும் நேரம் வந்தது. அலவி நானா எழுந்து தன் பெயரோடு தன் கடையின் பெயரையும் சொன்னார். இரும்புச் சாமான் விலை குறைவு என்பதையும் சொன்னார். "இது இலெக்‌ஷன் இல்ல, மென், உட்காருங்க," என்றார் ஐறீன் அன்ரி. விமலா சிங்களத்தில் தன் பெயரைச் சொல்லி, தனக்கு ஒரே மகன், இராணுவத்தில், வடக்கே இருக்கிறான் என்று சொன்னாள். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் இருந்தாள். மேசையில் ஒரு கணம் கரண்டிச் சத்தம் நின்றது.

"அவள் மகனும் சண்டேயில் இங்கேதான் போன் எடுப்பான்," என்றார் ஐறீன் அன்ரி. "இண்டைக்கு எடுக்கவேண்டாம் எண்டு முதலே சொல்லி வைச்சிருக்கா. லைன் ஃப்ரீயா இருக்கவேணுமே."

அம்மா விமலாவைப் பார்த்தாள். சிங்களம் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அருந்ததி எழுந்தாள். தன் பெயரைச் சொன்னாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"லவுடர், சைல்ட். ஸ்டேஷனில் இருந்தது நீதானே? இந்தப் பேர் எல்லாருக்கும் தெரியவேணும்."

"அருந்ததி," என்றாள் இரண்டாம் தரம். காது சுட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான்.

அடுத்தது அம்மா. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் வரதராசாவின்ர அம்மா," என்றாள்.

அவ்வளவுதான். கதிரையில் இருந்துவிட்டாள். பக்கத்தில் அருந்ததி தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள். பசியில்லாமல் போயிருந்தது.

இரண்டு மணியாகப் பத்து நிமிடம் இருக்க, மாமா கையைக் கழுவிவிட்டு அம்மாவை உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில், பின்னல் துணி போர்த்திய சின்ன மேசையில், கறுப்புத் தொலைபேசி இருந்தது. எண் சுழற்றும் வட்டத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அழைப்பு வரலாம், இங்கிருந்து வெளியே அழைக்கமுடியாது. அம்மா அதன் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அருந்ததி பின்னால் நின்றாள்.

வெளியே பேச்சு குறைந்தது. யாரும் சொல்லாமலே குறைந்தது.

சுவர் மணிக்கூடு இரண்டு அடித்தது.

அம்மா நிமிர்ந்து இருந்தாள். கையை ரிசீவருக்கு அண்மையில் வைத்துக்கொண்டாள். தொடவில்லை.

தொலைபேசி சும்மா இருந்தது.

"லைன் கிடைக்கச் சுணங்கும்," என்றார் மாமா.

கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயிற்றுக்கிழமைதானே, எல்லாரும் எடுப்பினம்," என்றார்.

பிறகு அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உயிர் இருந்தது. உடனே வைத்துவிட்டார்.

இரண்டரை கழிந்தது. அம்மா எழுந்தாள்.

"அவனுக்கு ஏலாமல் போச்சுதாக்கும். நான் ஒருக்காக் கடலைப் பாத்திட்டு வாறன்."

"அக்கா, இன்னும் கொஞ்சம் பொறுங்கோ."

"நாலு கிழமை பொறுத்தாச்சு, நாகு."

மாமா முகம் கறுத்துப்போனது. காலி வீதியில் ஏதாவது கொமியூனிகேஷன் கடை திறந்திருந்தால் தானே ஜேர்மனிக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அருந்ததி அம்மாவின் பின்னால் மற்றப் பக்கம் போனாள்.

*

ஒழுங்கை முடியும் இடத்தில் தண்டவாளம். அதற்கு அப்பால் கற்பாறைகள், பிறகு கடல். ஆடி மாதம் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த பிறகு, தண்டவாளத்தோரம் எங்கும் காவல். ஒழுங்கை முனையிலும் ஒரு மணல் மூட்டைக் காவலரண் இருந்தது. அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுச் சிப்பாய் இருவரையும் போகவிட்டான்.

அம்மா ஒரு கல்லில் இருந்தாள். அலை பெரிதாக இல்லை.

"ஏதும் நடந்திருக்குமோ?"

"ஒண்டும் நடந்திராதம்மா. திடீரெண்டு வேலைக்குக் கூப்பிட்டிருப்பாங்கள்."

"போகேக்க அவனுக்குப் பதினெட்டு. மீசையும் ஒழுங்கா வரேல்லை." அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "படத்தில பாத்தன், நல்லா வளந்திட்டான். படத்தில குரல் இல்லையே."

அருந்ததி கல்லைக் கையால் தடவினாள். உப்பு ஒட்டியது. அவள் எப்போதும் வசனத்தை மனதில் முழுதாகக் கட்டிய பிறகுதான் வாய் திறப்பாள். இதை ஒரு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்குப் போகாதேங்கோ."

"என்ன?"

"போகாதேங்கோ. சுகமில்லையெண்டு டொக்டரிட்டக் கடிதம் எடுக்கலாம். இன்னும் ஒரு மாதம் நில்லுங்கோ."

"கொப்பர் அங்க பிணை நிக்கிறார்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு சொல்லுறியே?" அம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு இஞ்ச என்ன குறை? வேலை இருக்கு. மாமா இருக்கிறார். கரண்ட் இருக்கு. அந்த மனிசன் அங்க தறப்பாள் கொட்டிலுக்குள்ள தனியக் கிடக்குது."

உனக்கு என்ன குறை? அருந்ததிக்கு அதற்குப் பதில் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் நானே எழும்பிக் கொத்தமல்லி அவித்தேன். முதல் சம்பளத்தில் உங்களுக்கு வாங்கிய சேலை இரண்டு வருடமாக அலுமாரியில் கிடந்தது. வந்த அன்றைக்குத் தந்தேன், நல்லாயிருக்கு என்று மடித்து வைத்துவிட்டு, இது வரதன் அனுப்பிய காசிலா என்று கேட்டீர்கள். பொலிஸ் வாங்கில் இருந்தபோது எனக்கு நினைவு வந்தது உங்கள் முகம்தான்.

கையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டாள்.

"ஒண்டுமில்லை," என்றாள்.

தெற்கேயிருந்து ரயில் வரும் அதிர்வு கல்லில் தெரிந்தது. அதற்கு முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ கூப்பிடும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கேற்றில் விமலா நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் அடுத்த கேற்றில் இன்னொருத்தி நின்று ஆட்டினாள். அதற்கும் பின்னால் இன்னொருவர். ஒழுங்கை நீளத்துக்கும் கேற்றுகளில் சனம் நின்றது.

ஒருவரும் ஓடிவரவில்லை.

அந்த வருடம் கொழும்பில் தமிழர் யாரும் வீதியில் ஓடமாட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்கவும் ஓடமாட்டார்கள். அதிலும் காவலரணைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. அலவி நானாவும் ஓடமாட்டார். அதனால் செய்தி மட்டும் ஓடிவந்தது. முதல் வீட்டிலிருந்து கேற்றுக்குக் கேற்று, வாய்க்கு வாய், ஒரு வீட்டில் தமிழாகவும் அடுத்த வீட்டில் சிங்களமாகவும் மாறிக்கொண்டு கடல்வரைக்கும் வந்தது.

"கோல்! கோல்!" என்றாள் விமலா. ஒரு கையைக் காதில் வைத்துக் காட்டினாள்.

அம்மா எழுந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது.

நீண்ட ரயில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசல்களில் தொங்கியது. பெட்டி பெட்டியாக அது கடந்து போகும்வரை ஒழுங்கை தெரியவில்லை. அம்மா அருந்ததியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் அழுந்தின.

கடைசிப் பெட்டி போனதும் அம்மா தண்டவாளத்தில் காலை வைத்தாள். சிப்பாய் கையை நீட்டி மறித்தான். போகும்போது பார்த்த அட்டையை மறுபடி கேட்டான். அம்மா கைப்பையைத் திறந்தாள். பாஸ் வந்தது, துணித் துண்டு வந்தது, அட்டை வரவில்லை.

விமலா கேற்றைவிட்டு வெளியே வந்தாள். நடந்துதான் வந்தாள். சிப்பாய்க்கு அவள் மகன் வயது இருக்கும்.

"மல்லி, யன்ன தென்ன," என்றாள். போகவிடு தம்பி என்று. பிறகு அம்மாவைக் காட்டி, மகனுடைய அழைப்பு, ஆறு வருடத்துக்குப் பிறகு, என்று சிங்களத்தில் சொன்னாள். கெஞ்சவில்லை. வீட்டில் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவன் அம்மாவையும் விமலாவையும் மாறி மாறிப் பார்த்தான். கையை இறக்கினான்.

"ஓடாதேங்கோ அம்மா. நடவுங்கோ. கெதியா நடவுங்கோ."

அம்மா நடந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அப்படி ஒரு நடை அருந்ததி பார்த்ததில்லை. ஒவ்வொரு கேற்றிலும் நின்றவர்கள் வழிவிட்டு, "இன்னும் லைனில இருக்கிறார், போங்க, போங்க," என்றார்கள். பெயர் தெரியாத ஒரு கிழவர் தன் சைக்கிளை இழுத்து ஓரமாக்கினார்.

ஐறீன் அன்ரியின் கேற்றில் அலவி நானா நின்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கிரிக்கெட் நேர்முக வர்ணனை மாதிரி இருந்தது.

"எங்கட வீட்டைத் தாண்டிட்டாங்க! இந்தா, லைட் போஸ்ற்றடியில வாறாங்க!"

கூடத்துக்குள் ஷபீகா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அதை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"லைட் போஸ்ற்றடியில வாறாங்களாம், தம்பி. வெச்சிராதீங்க. பச்சைச் சாரி உடுத்திரிக்காங்க. உங்கட உம்மா கத்தரிக்காய் ஆக்கிக் கொண்டுவந்தாங்க, சட்டி காலி. இந்தா, கேற்றுக்க வந்துட்டாங்க. படியேறுறாங்க. இந்தா தாறன்."

அம்மா ரிசீவரை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

கூடத்தில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். ஐறீன் அன்ரி கதவை முக்கால்வாசி சாத்தினார். ஷபீகா போகும்போது அருந்ததியின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனாள்.

அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு முகம் சுருங்கியது.

"ஆர் கதைக்கிறது?" என்றாள்.

அருந்ததி காதைக் கிட்டக் கொண்டுபோனாள். தம்பியின் தடித்த குரல் கேட்டது. "அம்மா, நான்தானம்மா."

"வரதன்ர குரல் இப்பிடி இல்லை."

"அம்மா, நான் வரதன். ஆறு வருசமாச்சு, குரல் மாறாதே?"

"அப்ப சொல்லு. எங்கட வீட்டில உன்னைக் கொத்தினது என்ன?"

அங்கே ஒரு சிரிப்பு. சிரிப்பா, வேறேதுமா என்று சொல்லமுடியவில்லை. "கோழி. கொண்டைக் கோழி. முழங்காலில கொத்தினது. தழும்பு இன்னும் கிடக்கு."

அம்மா கதிரையில் இருந்தாள். ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடினாள். அவள் கேட்க வைத்திருந்த எத்தனையோ கேள்விகளில் ஒன்றும் வரவில்லை. "ஓம்," என்றாள். "ஓம், ஓம்." அவன் என்ன சொன்னான் என்று அருந்ததிக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தனக்கு உரிமை இல்லாததுபோல இருந்தது. சுவரைப் பார்த்தாள்.

"போன் காட் முடியுதாம்," என்றாள் அம்மா திடீரென்று. "உன்னைக் கேக்கிறான்."

அருந்ததி வாங்கினாள். லைனில் பீப் சத்தம் தொடங்கியிருந்தது.

"அக்கா, கெதியாக் கேளுங்கோ. அம்மாவை நாளைக்கு அனுப்பாதேங்கோ. எப்பிடியாவது மறியுங்கோ. அப்பா..."

பீப் சத்தம் நீண்டது. பிறகு வெறும் இரைச்சல்.

*

கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். பெனியன்வரை வியர்வை. கடைகள் எல்லாம் பூட்டு.

"வந்துதோ? எப்ப வந்தது?"

"மூணு மணிக்கு, மென்," என்றார் பின்னால் வந்த ஐறீன் அன்ரி. "அவன் பத்து மணிக்குத்தான் எடுத்திருக்கிறான். அங்கேயும் நேத்து நைட் விண்டருக்காக மணிக்கூட்டைப் பின்னுக்கு வைச்சாங்களாம். ஒரு மணித்தியாலம்."

மாமா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்கள் நாட்டு நேரத்தை ஏழு தரம் கணக்குப் பார்த்தவர், அவர்கள் நாட்டு நேரமும் அசையும் என்று ஒருதரமும் நினைக்கவில்லை. அவர் போய் வட்டிலாப்பத்துக்கு முன்னால் இருந்தார். இந்த முறை அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இன்னும் தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். முகம் கழுவினவள்போல இருந்தாள்.

"கடைசியா என்னவாம் சொன்னவன்?"

அருந்ததி ரிசீவரை வைத்தாள். சொல்லாமல் விடலாம். விட்டால் அம்மா நாளைக்குப் போவாள். சொன்னால்?

"உங்களை நாளைக்கு அனுப்பவேண்டாமாம்."

அம்மா அவளை நெடுநேரம் பார்த்தாள். கோபம் இல்லை. அதைவிட மோசமாக, ஒரு களைப்பு இருந்தது.

"அவன் சொன்னவனோ," என்றாள், "இல்லாட்டி நீ சொல்லுறியோ?"

கடற்கரையில் அந்த வசனம் அவளுடைய வாயிலிருந்துதான் வந்தது. இப்போது அது தம்பியுடையது என்றால் யார் நம்புவார்கள்? அவளே அம்மாவாக இருந்தால் நம்பியிருக்கமாட்டாள். வசனத்தைக் கட்டிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

"அக்கா."

ஷபீகா கதவடியில் நின்றாள். கை கழுவிய ஈரத்தை முந்தானையில் துடைத்துத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள பொய் சொல்லல்ல, அக்கா. நீங்க கடக்கரையிலிருந்து வாறத்துக்குள்ள தம்பி அதை எனக்கிட்டயும் சொன்னாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏன் எண்டும் சொன்னாரு. அவர்ட வாப்பாட விசயம். எனக்கு எப்பிடிச் சொல்லுறண்டு தெரியல்ல. வாங்க, எங்கட வீட்டுக்குப் போய்க் கதைப்பம். இங்க ஆக்கள் கூட."

முற்றத்தில் அலவி நானா யாருக்கோ பகிடி விட்டுக்கொண்டிருந்தார். கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது.

அம்மா உடனே எழும்பவில்லை. கையை நீட்டி அருந்ததியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

"நீயும் வா, பிள்ளை," என்றாள். "எனக்குத் தனியக் கேக்கேலாது."